அசையாத நாற்பத்து நான்கு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஹெலன் கையில் ஒரு டேப்லட் வந்து சேர்ந்தது. இருட்டுவதற்குள் தான் எவ்வளவு பயப்படப் போகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

ஹெலன் ஆறாம் வகுப்பு. அவள் அப்பா இம்மானுவேல் கும்மிடிப்பூண்டியில் வேன் ஓட்டுகிறார். ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, சிப்காட்டில் உள்ள ஒரு கம்பெனியில் இறக்கிவிடுவார். பக்கத்து வீட்டு கோபால் மாமாவுக்கும் அதே கம்பெனி, அதே மாதிரி வேன். கோபால் மாமாவின் மகள் ரம்யாதான் ஹெலனுக்கு உயிர்த் தோழி.

கம்பெனி புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. திங்கட்கிழமை முதல் எல்லா வேனிலும் சக்கரத்துக்கு ஒரு சென்சார் இருக்க வேண்டும். சக்கரத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தச் சென்சார் கம்பி எதுவும் இல்லாமல் டேப்லட்டுக்குச் சொல்லும். கேட்டில் செக்யூரிட்டி டேப்லட்டைப் பார்ப்பார். நான்கு சக்கரமும் பச்சையாக இருந்தால்தான் வேன் உள்ளே போகலாம்.

"சென்சார் டப்பாவ அவங்களே குடுத்துட்டாங்க. மாட்டுறது மட்டும் நம்ம தலைல கட்டிட்டாங்க" என்றார் கோபால் மாமா.

"நமக்கு எதுக்குக் கவல? எங்க ஹெலன் இருக்கா" என்றார் அப்பா. ஹெலனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

தெருக்கோடியில் இருந்த காலி மைதானத்தில் இரண்டு வேனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நடுவே ஒருவர் ஒருக்களித்துப் போகிற இடம்தான். அங்கே இருந்த ஒரே புங்க மரத்தின் நிழல் இரண்டு பேருக்குமே வேண்டும்.

டப்பாவுக்குள் ஒரு தாள் இருந்தது. ஒரு பக்கம் ஏதோ வெளிநாட்டு எழுத்து. மறுபக்கம் எறும்பு அளவில் ஆங்கிலம். நல்லவேளையாக ஐந்து படங்கள் இருந்தன. ஹெலன் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"டேப்லட்ல வேன் படம் வரும். எந்த சக்கரமோ அதத் தொடணும். அப்புறம் அந்தச் சக்கரத்துல காத்து அடிக்கிற மூக்கு மேல சென்சார மூடி மாதிரி திருகணும். டேப்லட் 'கீங்'னு கத்தும். நம்பர் வரும். அவ்ளோதான், ரெண்டும் ஜோடி சேந்துடும்."

ரம்யா ஐந்தாவது படத்தில் விரலை வைத்தாள். அதில் இரண்டு வேன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நடுவே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.

"இது இன்னாடி?"

ஹெலன் ஒரு நொடி யோசித்தாள். "ஒரு வேன் மேல இன்னொரு வேன் இடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்."

கோபால் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இருபது வருசமா வண்டி ஓட்டிக்கினு கீறேன். அத எனக்குப் படம் போட்டுச் சொல்றான் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். தாளை மடித்து ஹெலன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வேலை தொடங்கியது. அப்பா ஒரு சென்சாரைத் திருகுவார், ஹெலன் டேப்லட்டைத் தொடுவாள். அது முடிந்ததும் கோபால் மாமா திருகுவார், ரம்யா அவர்களுடைய டேப்லட்டைத் தொடுவாள். இப்படி மாற்றி மாற்றி மூன்று சக்கரங்கள் முடிந்தன. ஒவ்வொன்றிலும் ஐம்பது என்று பச்சை எழுத்தில் வந்தது.

அப்போதுதான் கோபால் மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடடா, நாலே கால் ஆயிடுச்சு. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி நவுந்தாகணும்."

அன்று அவருக்குப் பள்ளிப்பட்டுக்கு ஒரு சவாரி இருந்தது. கம்பெனியில் கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் கல்யாண வரவேற்பு. பதினைந்து பெண்கள் போகிறார்கள். ரம்யாவும் போகிறாள். அவர்கள் எல்லோரும் பூ வைத்துக்கொண்டு, பட்டுப் புடவையில் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

அப்பா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ராகு காலம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பதற்றம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அவரும் பரபரத்தார்.

"மாத்தி மாத்தி வேணாம் கோபாலு. கடசி சக்கரத்த ரெண்டு பேரும் ஒண்ணாவே முடிச்சிடலாம்."

பின்பக்க இடது சக்கரம்தான் பாக்கி. இரண்டு அப்பாக்களும் ஆளுக்கு ஒரு சக்கரத்தின் முன்னால் குந்தினார்கள். இரண்டு மகள்களும் ஒரே நேரத்தில் திரையைத் தொட்டார்கள். இரண்டு டேப்லட்டும் ஒரே நேரத்தில் 'கீங்' என்றன.

"ரெட்டப் பிள்ளைங்க மாதிரி ஒண்ணா கத்துது பாரு" என்று கோபால் மாமா கை தட்டினார்.

பெண்கள் ஏறினார்கள். ரம்யா எப்போதும் போலப் பின்பக்கம் இடது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கையை ஆட்டினாள். நாலு இருபத்தைந்துக்கு வேன் மைதானத்தை விட்டுக் கிளம்பியது. கோபால் மாமா முகத்தில் ராகுவை ஜெயித்த திருப்தி.

வேன் தெருமுனை திரும்பவும், ஹெலன் கையில் இருந்த டேப்லட் 'பீங் பீங் பீங்' என்று அலறியது.

பின் இடது சக்கரம் சிவப்பாக மின்னியது. ஐம்பது இருந்த இடத்தில் நாற்பத்து நான்கு.

"அப்பா, காத்து எறங்குது."

அப்பா ஓடி வந்து சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை. அவர் முகம் வாடிப்போனது.

"நாளைக்கு இது சிவப்பா இருந்தா கேட்ட தாண்ட வுட மாட்டாங்க. இருபது பொம்பளைங்க நடுரோட்டுல நிப்பாங்க. அப்புறம் எனக்கு எவன் சவாரி குடுப்பான்? ஏறு, அன்புசெல்வன் கடைக்குப் போயிடலாம்."

அன்புசெல்வனின் பஞ்சர் கடை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்தது. போகிற வழி முழுக்க டேப்லட் அலறிக்கொண்டே வந்தது.

அன்புசெல்வன் சென்சாரைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்தார். காற்று அளக்கும் தன் கேஜை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"அம்பதுக்கு மேலயே கீதுண்ணா. டயரு கல்லு மாதிரி இருக்குது."

"டேப்லட்ல நாப்பத்தி நாலு காட்டுதே."

"அப்ப ரெண்டு பாயிண்ட்டு காத்து ஏத்திப் பாப்போம்."

ஏற்றினார். டேப்லட் நாற்பத்து நான்கு என்றது. இன்னும் மூன்று ஏற்றினார். அது நாற்பத்து நான்கிலேயே பிடிவாதமாக நின்றது.

"இன்னும் ஒரு அஞ்சு ஏத்துனா பச்சைக்கு வந்துடும்ணா."

அப்பா தலையை ஆட்டப் போனார். ஹெலன் டேப்லட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

"வேணாம் அண்ணா, நிறுத்துங்க. ஒரு நிமிசம்."

மற்ற மூன்று சக்கரங்களும் மைதானத்தில் ஐம்பது காட்டின. இப்போது ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று ஏறியிருந்தன. ஓடி வந்ததில் டயர் சூடாகிவிட்டது. இந்த நாற்பத்து நான்கு மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காற்று அடித்தபோதும் அசையவில்லை.

அவள் பார்வை ஸ்டூல் மேல் போனது. அங்கே சென்சார் சும்மா கிடந்தது. சக்கரத்திலேயே இல்லாத சென்சார் எப்படி நாற்பத்து நான்கு காட்டும்?

ஹெலன் முன் சக்கரத்துக்கு ஓடினாள். அங்கே இருந்த சென்சாரைத் திருகிக் கழற்றினாள். உடனே டேப்லட்டில் அந்தச் சக்கரத்தின் எண் விழுந்தது. சிவப்பு மின்னியது. திரும்ப மாட்டினாள். எண் பழையபடி வந்து பச்சையானது.

அப்படியென்றால் ஸ்டூல் மேல் கிடக்கும் சென்சார் பேசுவதை இந்த டேப்லட் கேட்கவே இல்லை. அது வேறு எதையோ கேட்டிருக்கிறது. அந்த வேறு ஏதோ ஒன்றில்தான் காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

பைக்குள் மடித்து வைத்த தாளை ஹெலன் எடுத்தாள். ஐந்தாவது படம். இரண்டு வேன்கள், பக்கத்தில் பக்கத்தில், நடுவே சிவப்புப் பெருக்கல் குறி.

இடிக்காதே என்று இல்லை. பக்கத்தில் நிற்காதே என்று போட்டிருக்கிறான்.

ஒரே நேரத்தில் இரண்டு சென்சார்கள் கூப்பிட்டிருக்கின்றன. அவள் டேப்லட், கோபால் மாமாவின் சக்கரத்தோடு ஜோடி சேர்ந்துவிட்டது. கோபால் மாமாவின் டேப்லட், இவர்கள் சக்கரத்தோடு ஜோடி சேர்ந்துவிட்டது. வேன் தூரமாகப் போனதும் இரண்டும் கடைசியாகக் கேட்ட எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. காற்று இறங்குகிற சக்கரம் இங்கே இல்லை. அது பள்ளிப்பட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கோபால் மாமாவின் டேப்லட்டில் அது பச்சையாகத் தெரியும்.

அந்தச் சக்கரத்துக்கு மேலேதான் ரம்யா உட்கார்ந்திருக்கிறாள்.

சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். படத்தைத் தப்பாகச் சொன்னது ஹெலன்தான். எங்க ஹெலன் இருக்கா என்று அப்பா சொன்ன பெருமை அத்தனையும் போய்விடும். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் ரம்யா கையை ஆட்டியது அதைவிடப் பெரிதாகக் கண் முன்னால் நின்றது.

"அப்பா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அப்பா உடனே போனை எடுத்து கோபால் மாமாவைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். வண்டி ஓட்டும்போது கோபால் மாமா போனைத் தொட மாட்டார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அது நல்ல பழக்கம்.

"கல்பனா அக்காவும் அந்த வேன்ல இருக்காங்கப்பா. அம்மாகிட்ட நம்பர் இருக்கும்" என்றாள் ஹெலன்.

ஹெலனின் அம்மா மேரியும் கல்பனாவும் கம்பெனியில் ஒரே மேசையில் வேலை செய்பவர்கள். அப்பா வீட்டுக்குப் போன் போட்டார். அம்மா லேசில் நம்பரைக் கொடுத்துவிடவில்லை. எதுக்கு, இன்னா ஆச்சு, யாருக்கு ஆச்சு, ஹெலன் எங்கே, சாப்பிட்டாளா என்று எல்லாவற்றையும் கேட்டார்.

"மேரி, மொதல்ல நம்பரச் சொல்லு. மிச்சத்த ஊட்டுக்கு வந்து சொல்றேன்."

கல்பனா அக்கா போனை எடுத்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். வேனுக்குள் பாட்டு அதிர்ந்தது. பதினைந்து பேரும் கூடவே பாடினார்கள்.

"ஹலோ, யாரு? ஒண்ணும் கேக்கல." போன் கட்டாகிவிட்டது.

அப்பா பதற்றத்தில் வேறு எண்ணை அழுத்தினார். அதைப் பார்த்ததும் ஹெலனுக்கு இன்னும் பயம் கூடியது. அவளே போனை வாங்கி மறுபடி கூப்பிட்டாள்.

"அக்கா, நான் ஹெலன். பாட்ட நிறுத்தச் சொல்லுங்க. கோபால் மாமாகிட்டப் பேசணும். ஸ்பீக்கர்ல போடுங்க, அவசரம்."

பாட்டு நின்றது. "இன்னா ஹெலனு?" என்று கோபால் மாமாவின் குரல் கேட்டது.

"மாமா, எங்க கீறீங்க?"

"கவரப்பேட்ட தாண்டி, பெரியபாளையம் ரோட்டுல போய்க்கினு கீறேன்."

"உங்க வேன்ல பின்னாடி இடது டயர்ல காத்து எறங்குது. உடனே நிறுத்துங்க மாமா."

"இன்னா கண்ணு விளையாடுறியா? என் டேப்லட்ல நாலும் பச்சையா கீது. உனக்கு எப்பிடி அங்கேந்து தெரியும்?"

இந்த இடத்தில் ஹெலன் அழுதிருந்தால் கோபால் மாமா நம்பியிருக்க மாட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரம்யா, நாலு நம்பரையும் படி."

ரம்யாவின் குரல் வந்தது. "முன்னாடி ரெண்டும் அம்பத்தி நாலு. பின்னாடி வலது அம்பத்தி அஞ்சு. பின்னாடி இடது அம்பது."

"கிளம்பும்போது அது எவ்ளோ?"

"எல்லாமே அம்பதுதான் இருந்துச்சு."

"மாமா, ஓடுற டயர் சூடானா நம்பர் ஏறும். மூணு ஏறிடுச்சு. நாலாவது மட்டும் ஏன் ஏறல? அது உங்க டயர் நம்பர் இல்ல மாமா. எங்க டயர் நம்பர். ஒண்ணா மாட்டுனோம்ல, அப்ப மாறிப்போச்சு. படத்த நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

கோபால் மாமா தயங்கினார்.

"அதில்ல கண்ணு, இப்ப ராகு காலம். நடு வழில நிறுத்தக் கூடாதே."

"கிளம்புறதுக்குத்தான் ராகு காலம் பாப்பாங்க மாமா. நிறுத்துறதுக்கு யாரும் பாக்க மாட்டாங்க."

கோபால் மாமா 'ம்ம்' என்று இழுத்தார். பிறகு "சரி, ஓரமா..." என்று கேட்டது. அதோடு போன் நின்றுவிட்டது. மறுபடி கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது.

அதற்குப் பிறகு ஒன்பது நிமிடம். ஹெலன் கடையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றாள். ஓரமாக நிறுத்தினாரா, நிறுத்துவதற்குள் ஏதாவது ஆகிவிட்டதா? மின்சார ரயில் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அன்புசெல்வன் டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா அதைக் கையில் வைத்திருந்தாரே தவிரக் குடிக்கவில்லை. ஹெலன் மனசுக்குள் தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும் முதலில் இருந்து சொன்னாள்.

போன் அடித்தது. கோபால் மாமா நம்பர். பேசியது ரம்யா.

"ஹெலன், ஆணிடி. என் சுண்டு விரல் நீளம் இருக்குது. அப்பா கேஜ் வச்சுப் பாத்தாரு. இருபத்திரெண்டுதான் இருந்துச்சு. டயரு தொட முடியாத அளவுக்குச் சுடுது."

பிறகு கோபால் மாமா பேசினார். அவர் குரலே மாறியிருந்தது.

"இமானு, இன்னும் கொஞ்ச தூரத்துல நல்ல ரோடு வந்துடும். நான் விரட்டியிருப்பேன். பதினாறு பேர வச்சிக்கினு..." அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "புள்ளைகிட்ட குடு."

"மாமா" என்றாள் ஹெலன்.

"ஸ்டெப்னி மாத்திடறேன் கண்ணு. நீ அழாத."

அவர் சொன்ன பிறகுதான் தான் அழுகிறோம் என்று ஹெலனுக்குத் தெரிந்தது. ஸ்டூல் மேல் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அப்பா பக்கத்தில் குந்தி, ஆறிப்போன டீயை அவளிடம் நீட்டினார்.

"அந்தப் படத்த நானும்தான் பாத்தேன்" என்றார். "இடிக்கக் கூடாதுன்னுதான் எனக்கும் தோணிச்சு. ஆனா இங்க வந்து நின்னு யோசிச்சது நீ மட்டும்தான்."

ஸ்டெப்னியை மாற்றி முடிக்க ஐந்தரை ஆனது. ஆனால் ராகு காலம் முடியும் ஆறு மணி வரை கோபால் மாமா வண்டியை எடுக்கவில்லை. நிறுத்தலாம் என்றாயிற்று, கிளம்பலாம் என்று யாரும் சொல்லவில்லையே. பட்டுப் புடவை கட்டிய பதினைந்து பெண்களும் ரோட்டோரக் கடையில் பஜ்ஜி தின்றுகொண்டு காத்திருந்தார்கள். வரவேற்புக்குப் பிந்திப் போனாலும் சாப்பாடு கிடைத்துவிட்டதாம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்தில் மறுபடி எல்லோரும் கூடினார்கள்.

"ஏழரைக்கு ராகு காலம்" என்று ஆரம்பித்தார் கோபால் மாமா. அப்பா பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"மொதல்ல உங்க வண்டியத் தள்ளி நிறுத்துங்க மாமா" என்றாள் ஹெலன்.

கோபால் மாமா புங்க மர நிழலை விட்டு வேனை எடுத்தார். மைதானத்தின் பாதியில் நிறுத்தி, "போதுமா?" என்று தலையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும் போனா ரயில்வே லைனு வந்துடும்."

"அதுக்கு முன்னாடி நிறுத்திக்கோங்க."

ஹெலன் பழைய இணைப்பை அழித்தாள். கூடுதலாக ஏற்றிய காற்றை அன்புசெல்வன் நேற்றே இறக்கிவிட்டிருந்தார். அப்பா சென்சாரைத் திருகினார். டேப்லட் 'கீங்' என்றது. மைதானத்தின் அந்தக் கோடியில் ரம்யாவின் டேப்லட் வாயைத் திறக்கவில்லை. பிறகு இவர்கள் கை கட்டிக்கொண்டு நிற்க, அவர்கள் முறை வந்தது. அங்கே 'கீங்' என்றது. இங்கே சத்தம் இல்லை.

நான்கும் பச்சை. ஆனாலும் ஹெலன் நம்பவில்லை. "ஒரு சுத்து போயிட்டு வாங்கப்பா" என்றாள்.

அப்பா அவளையும் ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வரை போய்த் திரும்பினார். ஹெலன் மடியில் டேப்லட். பின் இடது சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். ஐம்பது, ஐம்பது, ஐம்பது. அரிசி மில் தாண்டும்போது அது ஐம்பத்தொன்று ஆனது.

"நவுந்துடுச்சுப்பா" என்றாள் ஹெலன். நேற்று மதியத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் சாய்ந்து உட்கார்ந்தாள்.